இரண்டு பத்துக்கு வந்த குரல்

படம் எடுக்க வந்தவனைப் பார்த்துக்கொள்ளும் வேலை தன் தலையில் விழுந்த நாளிலிருந்தே ரெனாட்டா உரியார்த்தேவுக்கு எதுவும் சரிப்படவில்லை. பன்னிரண்டு கோடைகளாகக் காட்டுத்தீயோடு மல்லுக்கு நின்றவள் அவள். கிரேன் ரிட்ஜ் ஹாட்ஷாட் குழுவின் இருபது பேரில் மெஷின் ரம்பத்தை அவளைப்போலக் கையாள ஆள் இல்லை என்று வேறு குழுக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். வண்டி ஏறாத, தண்ணீர் போகாத மலைச்சரிவுகளில் ரம்பமும் கோடாரியும் மண்வெட்டியுமாகக் கொண்டுபோய் விடப்படும் கூட்டம் அது. தீ வரும் வழியில் மரத்தையும் புதரையும் வெட்டித் தள்ளி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டித் தடுப்புக் கோடு போடுவார்கள். தின்ன எதுவும் கிடைக்காமல் தீ அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். சில சமயம் நிற்கும்.

அந்த வருஷம்தான் அவளை ஏழு பேருக்குத் தலைமையாளாக உயர்த்தியிருந்தார்கள். ஜூன் மாதம் குழுத் தலைவர் ஹாஸ்டெட்லர் அவளைக் கூப்பிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒருவன் ஆவணப்படம் எடுக்க வருகிறான், கோடை முழுக்க நம்மோடுதான் இருப்பான், அவன் உயிருக்கு நீ பொறுப்பு என்றார். ஏன் நான் என்று கேட்டாள்.

"மத்தவங்க எல்லாம் கேமராவைப் பாத்தா பல்லைக் காட்டுவாங்க. நீ காட்ட மாட்டே" என்றார் அவர்.

வந்தவன் பெயர் ஆட்ரியன் ப்ரூயிட். நாற்பது வயது, மெலிந்த ஆள், மரியாதைக்காரன். இருபது கிலோ மூட்டையைச் சுமந்து மூன்று மைலை முக்கால் மணி நேரத்தில் நடக்கும் பரீட்சையில் அரை நிமிஷ வித்தியாசத்தில் தேறினான். அதனால் அவனைத் திருப்பி அனுப்பவும் வழியில்லாமல் போயிற்று. அவனுக்குத் தேவைப்பட்டது ஆளுயரத் தீ. கிடைத்ததோ வேறு. நாள் முழுக்கக் குனிந்து மண் சுரண்டுவது. அணைந்த சாம்பலுக்குள் கையுறையைக் கழற்றிப் புறங்கையால் சூடு தேடுவது. முகாமில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து உத்தரவுக்குக் காத்திருப்பது. ஒருநாள் அவள் வீழ்த்திய மரம் படத்தில் சரியாக விழவில்லையாம். இன்னொரு தடவை வெட்ட முடியுமா என்று கேட்டான்.

"மரம் ஒரு தடவைதான் விழும், டைரக்டரே" என்றாள்.

குழுவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அவளைப் பார்த்தும் சிரித்தது. தினமும் காலையில் ஆட்ரியன் அவள் சட்டைக் காலரில் பொத்தான் அளவு மைக் ஒன்றைக் குத்திவிடுவான். அது இருப்பதையே அவள் மறந்துவிடுவாள். ஒருநாள் அவள் புதருக்குப் பின்னால் ஒதுங்கியதுகூட அதில் பதிவாகிவிட்டது. ஆட்ரியன் காதுவரை சிவந்துபோய், அழித்துவிட்டேன் என்று சொன்னான். அதற்குள் டெவின் ரஸ்க் என்ற ரம்பக்காரனுக்கு விஷயம் தெரிந்து, ஒரு வாரம் அவளை 'நீர்வீழ்ச்சி' என்று கூப்பிட்டான்.

அந்தக் கோடையில் அவளுக்கு இருந்த இன்னொரு எரிச்சல் வயர்லெஸ். வசந்தத்தில் புதிதாகக் கொடுத்த பெட்டிகள் மலை மடிப்புக்குள் போனால் பாதிப் பேச்சை விழுங்கின. மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். பரிசீலிக்கிறோம் என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

ஆகஸ்ட் நடுவில் சாமன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்க் சாடில் என்று பெயர் வைத்த தீ பற்றியது. நான்கு நாள் பாடுபட்டு ஒரு மலைமுதுகு நெடுக இரண்டு மைல் கோடு போட்டார்கள். ஐந்தாம் நாள் காலை, திட்டம் மாறிவிட்டது, அடுத்த முதுகுக்கு வாருங்கள் என்று மேலிடம் சொன்னது. ஹாஸ்டெட்லர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான். ரெனாட்டா அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தை ஆட்ரியன் படம் பிடித்தான். அதற்கே அவனை அடித்திருப்பாள்.

ஒன்பதாம் நாள்தான் அது நடந்தது. சரிவின் நடுவில் குழு கோடு வெட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்புற முகட்டில் லைல் மொஃபெட் நோட்டக்காரனாக நின்றான். இருபத்தொன்பது வயது, நான்காவது கோடை. கீழே குனிந்து வேலை செய்கிறவர்களுக்குத் தீ தெரியாது. தூரத்தில் நின்று முழு மலையையும் பார்த்து, எது எங்கே புகைகிறது என்று சொல்பவன்தான் நோட்டக்காரன். ரம்பக்காரர்கள் காதடைப்போடு இருப்பதால் வயர்லெஸ் கேட்காது. ஹாஸ்டெட்லர் முகட்டுக்கு அந்தப் பக்கம் ஆலோசனைக்குப் போயிருந்தார். அதனால் அன்று லைல் சொல்வதைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு ரெனாட்டாவுடையது. எப்படியும் சினிமாக்காரனோடு சும்மாதானே நிற்கிறாய் என்று ஹாஸ்டெட்லர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

பிறகு நடந்ததில் அவளுக்கு நினைவிருந்தது இவ்வளவுதான். மரம் விழுவதைக் கீழிருந்து எடுக்கலாம் என்று ஆட்ரியன் கோட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டான். அவள் ஓடிப்போய் அவன் பையைப் பிடித்து மேலே இழுத்தாள். கோடை முழுக்க அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அவன்மேல் கொட்டியது. கேமராவை அணை என்றாள். அவன் அணைத்தான். அதற்கப்புறமும் திட்டினாள். திட்டி முடித்துத் திரும்பியபோது, கீழே பள்ளத்தில், அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில், பழுப்பும் மஞ்சளுமாகப் புகைத்தூண் ஒன்று எழுந்து நின்றது. மணி இரண்டு பதினேழு.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனைவிட வேகமாக. அவள் விசிலை ஊதிக்கொண்டே ரம்பக்காரர்களிடம் ஓடினாள். எல்லோரும் மூட்டைகளை எறிந்துவிட்டு, ஏற்கெனவே எரிந்து கரியாகிக் கிடந்த மேல் நிலத்தை நோக்கி ஏறினார்கள். முன்னூறு கஜம் இருக்கும். ரஸ்க் கல்லில் கால் இடறிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். ஆட்ரியனும் அவளுமாக அவனைத் தூக்கிச் சென்றார்கள். கேமரா எங்கே விழுந்தது என்று ஆட்ரியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதை அவள் மறுக்கமாட்டாள். கரிநிலத்தில் போய் விழுந்தபோது ரஸ்க்கின் இரண்டு முன்னங்கைகளும் வெந்திருந்தன. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து அவனை ஏற்றிப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். லைல் ஒரே வார்த்தையில் நின்றான். மணி இரண்டு பத்துக்கு, கோட்டுக்குக் கீழே புகையைப் பார்த்ததும் கூப்பிட்டுச் சொன்னேன், யாரோ சரி என்றார்கள், யார் என்று தெரியவில்லை, ரம்பச் சத்தம் கலந்திருந்தது, கோடு மரங்களுக்குள் மறைந்திருந்ததால் எல்லோரும் ஏறத் தொடங்கியிருப்பார்கள் என்றே நினைத்தேன் என்றான். ரெனாட்டா, எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்றாள். சத்தியமாக அப்படித்தான் நம்பினாள். லைல் பொய் சொல்கிறவன் அல்ல, கூப்பிட்டிருப்பான், பெட்டிதான் விழுங்கியிருக்கும் என்று சேர்த்தும் சொன்னாள். அவர்கள் அதே இடத்தில் இரண்டு பெட்டிகளையும் சோதித்துப் பார்த்தார்கள். பெட்டிகள் மணிபோல் பேசின.

அப்படியானால் அழைப்பே போகவில்லை என்று ஆயிற்று. யாரும் லைலை நேரே குற்றம் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் அவனுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விழுந்தது. மறுவாரம் அவன் தன் தலைக்கவசத்தை ஹாஸ்டெட்லர் மேஜையில் வைத்துவிட்டு, லாப்வேயில் இருந்த வீட்டுக்குப் போய்விட்டான்.

ரெனாட்டாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெட்டிகளைப் பற்றி மூன்று தடவை எழுதிக் கொடுத்தவள் அவள். அன்று மட்டும் அவை நல்லபிள்ளையாகப் பேசிவிட்டால் போதுமா? அப்போதுதான் காலர் மைக் நினைவுக்கு வந்தது. கேமராதானே அணைந்தது, மைக்கை யாரும் தொடவில்லையே. அதன் ரெக்கார்டர் ஆட்ரியன் இடுப்பில்தான் இருந்தது, எரியவும் இல்லை. லைலின் அழைப்பு துண்டு துண்டாக, கரகரவென்று அதில் விழுந்திருந்தால் பெட்டியின் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

ஆட்ரியனுக்குப் போன் செய்தாள். அவனுக்குத் தர ஆசைதான், ஆனால் பதிவுகள் எல்லாம் படக் கம்பெனியின் சொத்தாம். கம்பெனிக்கு எழுதினாள். அவர்கள் வக்கீலுக்கு எழுதச் சொன்னார்கள். வக்கீல் அலுவலகத்தில் ஒரு பெண், படம் வெளிவரும்வரை எந்தப் பதிவையும் வெளியாருக்குத் தர இயலாது என்று தேனொழுகச் சொன்னாள். நான் வெளியாள் இல்லையம்மா, அதில் பேசுவதே நான்தான் என்றாள் ரெனாட்டா. அந்தப் பெண் புரிகிறது என்றாள். மறுவாரம் அதே பெண் அதே தேனோடு அதையே சொன்னாள். மூன்றாம் வாரம் இரவல் வாங்கிய செயற்கைக்கோள் போனில், வேறொரு தீயணைப்பு வேலைக்கு நடுவிலிருந்து கூப்பிட்டாள். பத்து நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள். போனை மரத்தில் எறியப் போனவளை, போனுக்குச் சொந்தக்காரன் கையைப் பிடித்துத் தடுத்தான்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி ஆட்ரியன் சொல்லாமல் கொள்ளாமல் முகாமுக்கு வந்தான். கருவிக் கொட்டகையில் அவள் ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"முதல்ல உக்காருங்க, ரெனி."

"நின்னே கேக்கறேன். போடுங்க."

முதலில் அவள் குரல்தான். தன்னுடையது என்றே நம்ப முடியாத அளவுக்கு அசிங்கமான கத்தல். உங்க படத்துக்கு ஒருத்தன் செத்தாதான் திருப்தியா, நான் என்ன உங்களுக்கு ஆயாவா என்று போய்க்கொண்டே இருந்தது. அதன் நடுவில், கரகரப்பு ஏதும் இல்லாமல், தெளிவாக, நிதானமாக லைலின் குரல்.

"ரெனி, லைல் பேசறேன். கோட்டுக்குக் கீழ, பள்ளத்துல புகை. புதுசு. எல்லாரையும் ஏத்திடு."

உடனே அவள் குரல். "சரி, கேட்டுக்கிட்டேன், இரு." மூச்சுக்கூட விடாமல் மறுபடி, "நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க என்ன பண்றீங்க..."

ஆட்ரியன் நிறுத்தினான். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டான். பன்னிரண்டு கோடைகளாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, சரி கேட்டுக்கிட்டேன் என்பதை வாய் தானாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது. வாய் சொல்லிவிட்டது. காது வாங்கவே இல்லை.

"இதை வேற யாரும் கேக்கலை. கம்பெனியில யாருக்கும் இதுல என்ன இருக்குன்னு தெரியாது" என்றான் ஆட்ரியன். "நீங்க சொன்னா இப்பவே அழிச்சிடறேன். நானும் எதிர்லதான் நின்னேன், உங்க திட்டுல என் காதுலயும் இது ஏறலை. அன்னிக்கு நான் இறங்காம இருந்திருந்தா இது நடந்திருக்காது."

"உங்க மேல பழியைப் போடத்தான் ஒரு மாசமா ஆசையா இருந்தேன். வேணாம். எனக்கு ஒரு நகல் குடுங்க."

அழிக்காதே என்று அப்போது சொல்லிவிட்டாளே தவிர, நகல் இருந்த பென் டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. வேலை செய்தாள், சாப்பிட்டாள். முதல் நாள் மாலை ஹாஸ்டெட்லர் அறை வாசல்வரை போய், எண்ணெய் டின் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் நாள் போய்ப் போட்டுக் காட்டினாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்கி அவளிடமே நீட்டினார். பிறகு, விசாரணை முடிந்து கையெழுத்தாகிவிட்டது, யார் பேரும் அதில் இல்லை, இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றார்.

"லைல் போயிட்டான்."

"தானாத்தானே போனான்."

"நாமதான் போக வச்சோம். இப்ப நீங்க அனுப்பறீங்களா, நானே அனுப்பட்டுமா?"

அவரே விசாரணைக்காரர்களுக்கு அனுப்பினார். அவளும் தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதி வைத்தாள். என்மேல்தான் தவறு, எந்த நடவடிக்கைக்கும் தயார் என்று எழுதினாள். அதை எழுதி முடித்தபோது ஒருமாதிரி நிம்மதிகூட வந்தது. இனி யாராவது திட்டுவார்கள், பதவியைப் பிடுங்குவார்கள், ஏதாவது ஒன்று நடக்கும்.

ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் பதினைந்தாம் தேதி திருத்திய அறிக்கை வந்தது. நாற்பத்தொரு பக்கம். அதில் ஒரே ஒரு வாக்கியம் மாறியிருந்தது. 'நோட்டக்காரரின் அழைப்பு உரிய நேரத்தில் விடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை' என்று இருந்த இடத்தில், 'குழுவினருக்கு இடையே தகவல் பரிமாற்றம் போதிய அளவு அமையவில்லை' என்று போட்டிருந்தார்கள். யார் சொன்னது, யார் கேட்காதது, ஒன்றும் இல்லை. அவள் எழுதிய இரண்டு பக்கமும் பின்னிணைப்பில்கூட இல்லை. என்னை வெறும் ரம்பக்காரியாக இறக்கிவிடுங்கள் என்று ஹாஸ்டெட்லரிடம் கேட்டாள். உன் இடத்துக்கு ஆள் எங்கே இருக்கிறது என்று அவர் எரிந்து விழுந்தார். ஆட்ரியனிடம், அந்தப் பதிவைப் படத்தில் போடு என்றாள். அவன் கம்பெனியோடு சண்டை போட்டுப் பார்த்தான். காட்சி இல்லாமல் வெறும் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் தள்ளிவிட்டார்களாம். அவள் ஒரு பெரிய மரத்தை வீழ்த்துவதோடு படம் தொடங்குகிறது என்று சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள்.

பாய்சியில் மருத்துவமனையை விட்டு வந்து தங்கை வீட்டில் இருந்த ரஸ்க்கை முதலில் பார்த்தாள். கைகளில் இறுக்கமான துணியுறை போட்டு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னுது தோல். வளந்துடும்னு டாக்டர் சொல்றார்" என்றான். "லைல்கிட்ட சொன்னியா?"

இன்னும் இல்லை என்றாள். அவன் தங்கையைக் கூப்பிட்டு டிவியைப் போடச் சொன்னான்.

மறுநாள் காலையில் புறப்பட்டு, ஆற்றை ஒட்டியே வடக்கே ஐந்து மணி நேரம் ஓட்டி லாப்வே போய்ச் சேர்ந்தாள். லைலின் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே எல்க் மானின் பின்தொடை தொங்கியது. லைலும் அவன் அப்பா வெர்னனும் கத்தியோடு நின்றார்கள். லைல் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

அவள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். நீ கூப்பிட்டாய், எனக்குக் கேட்டது, பதில்கூடச் சொன்னேன், சொல்லிவிட்டு மறந்தேன், மறந்தது தெரியாமல் வரவில்லை என்று சாட்சியும் சொன்னேன் என்றாள். வரும் வழியெல்லாம் வேறு விதமாகச் சொல்லிப் பழகியிருந்தாள். அதெல்லாம் வாயில் வரவில்லை. பென் டிரைவை நீட்டினாள்.

வெர்னன்தான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் வண்டியின் கதவைத் திறந்து வைத்து, அதன் ஸ்டீரியோவில் செருகினார். அவள் கத்தல் முற்றம் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்புறம் லைலின் குரல் வந்தது. லைல் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பட்டனை அழுத்தாமலே பேசிட்டேனோன்னு நினைச்சேன்" என்றான். "ரெண்டு மாசமா. ராத்திரி படுத்தா கட்டைவிரல்ல அழுத்திப் பாத்துக்கிட்டே இருப்பேன். அழுத்தினேனா, இல்லையான்னு. கடைசியில அழுத்தலைன்னே முடிவு பண்ணிட்டேன். ரஸ்க்குக்கு மன்னிப்புக் கேட்டு லெட்டர்கூட எழுதினேன்."

ரஸ்க் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"உன் இடம் காலியாத்தான் இருக்கு. ஹாஸ்டெட்லர் சொன்னார்" என்றாள்.

"மின்கம்பி வேலையில சேந்துட்டேன். திங்கக்கிழமை போகணும்." அவன் ஒரு துண்டு இறைச்சியை அறுத்துத் தட்டில் போட்டான். "இந்த டேப் உன் கைக்கு எப்ப வந்துச்சு?"

"போன மாசம் இருபத்தேழு."

"இன்னிக்கு பத்தொம்பது. மூணு வாரம் என்ன பண்ணே?"

"ரெண்டு நாள் பயந்துக்கிட்டு இருந்தேன். மீதி, அவங்க அறிக்கையைத் திருத்தட்டும், அதோட வந்து உன்கிட்ட குடுக்கலாம்னு இருந்தேன்."

"அறிக்கையை நானா கேட்டேன், ரெனி? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

அவன் கத்தியைச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தொடைப்பக்கம் திரும்பினான். வெர்னன் ஸ்டீரியோவை அணைத்தார். அந்தக் கால் முறிந்தவன் எப்படி இருக்கிறான் என்று அவளிடம் கேட்டார். கம்பு வைத்துக்கொண்டு நடக்கிறான், கைக்கு இன்னும் ஒரு சிகிச்சை பாக்கி என்று சொன்னாள். சாப்பிட்டாயா என்றும் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

வண்டியை எடுத்துச் சாலைக்கு வந்தபோது மழை தூறத் தொடங்கியது. கோடை முழுக்க அவர்கள் கேட்டும் வராத மழை. எரிபொருள் போடுமிடத்தில் நிறுத்தினாள். போனில் ஆட்ரியனின் செய்தி இருந்தது. படத்தின் முன்னோட்டம் தயார், பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். அவள் அதைத் திறக்கவில்லை. லைலிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்ல ரஸ்க்கின் எண்ணைத் தேடி அழுத்தினாள். நான்கைந்து தடவை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.